கூனுக்கு மேல் ஒரு வெற்றிலை

நான் ஒருமுறை ஸ்வெட்டருக்குள் மாட்டிக்கொண்டேன். மாதம் மே. ஊர் மதுரை. ஸ்வெட்டரைப் பின்னியவனும் நானேதான். இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

சிகரெட்டை விட்ட புதிதில், கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான், வீட்டில் வெங்காயம் உரிப்பான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் படித்தவன். எந்த வேலையையும் அதைப் பற்றிய புத்தகத்தை வாங்குவதிலிருந்து தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே முடித்துக்கொள்கிறவன். வடகடல் தீவுகளில் மீனவர்கள் போடும் கம்பளிச் சட்டைகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் கையில் சிக்கியது. கழுத்தைச் சுற்றித் தொடங்கித் தோள்வரை வட்டவட்டமாக, இரண்டு மூன்று நிறங்களில் கோலம் இறங்கி வரும். நம் ஊரில் நைட்டிக்கு யோக் வைத்துத் தைக்கிறார்களே, அந்த யோக்கையே கோலமாகப் பின்னினால் எப்படி இருக்கும், அப்படி. கருநீல நூல், வெள்ளை நூல், வயர் கோத்த வட்ட ஊசி எல்லாம் வரவழைத்து, கோடை தொடங்கியதிலிருந்து உட்கார்ந்து பின்னினேன். கீழிருந்து தொடங்கி, உடம்பு, கை எல்லாம் முடித்து, கடைசியில் தோளில் பனித்துகள் கோலம் போட்டுக் கழுத்தில் முடித்தேன். பனியை நான் பார்த்திருப்பது ஃப்ரிஜ்ஜின் மேல்தட்டில் மட்டும்.

மனைவி சர்ச்சில் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு மாலையில் அதைப் போட்டுப் பார்த்தேன். கைகள் போயின. தலை பாதி போயிற்று. கோலம் வந்த இடத்தில் சட்டை என் நெற்றியைக் கவ்விக்கொண்டது. மேலே தள்ளினால் போகவில்லை, கீழே இழுத்தால் வரவில்லை. தூக்கிய கைகளோடு, கண் தெரியாமல், கம்பளிக்குள் மூச்சு முட்ட, காம்பவுண்டுச் சுவரைத் தோளால் தடவிக்கொண்டே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைக் காலால் உதைத்தேன்.

“யாரு?”

“நான்தான்க்கா. பக்கத்து வீடு.”

“தலையக் காணோம். கைய வேற தூக்கிட்டு நிக்கிறீங்க. சரணடையிறதா இருந்தா ஸ்டேஷனுக்குப் போங்க தம்பி. நான் ஆபீஸ் சூப்பிரண்டு, போலீஸ் சூப்பிரண்டு இல்ல.”

“கத்திரிக்கோல் இருந்தா வெட்டி விட்ருங்கக்கா.”

“நூல் என்ன பாவம் பண்ணுச்சு? உக்காருங்க. எனக்கு எட்டாது. கூனிகிட்ட வந்தா எல்லாரும் குனிஞ்சுதான் ஆகணும்.”

தரையில் உட்கார்ந்தேன். அவர் கழுத்து முடிச்சைத் தேடி எடுத்து அவிழ்த்து, என் தலைமேலேயே உருவத் தொடங்கினார். சட்டை வரிசை வரிசையாகக் கரைய, முதலில் உச்சி, பிறகு நெற்றி, பிறகு புருவம் என்று நான் இந்த உலகத்துக்கு இரண்டாம் முறையாக வந்து சேர்ந்தேன். கண் திறந்ததும் பார்த்த முதல் முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

“கலர் மாத்துறப்ப பின்னால போற நூல இம்புட்டு இழுத்துப் புடிச்சா? சுருக்குப்பை மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க. சுருக்குப்பைக்குள்ள தலைய விட்டா வெத்தல பாக்கு மாதிரி உள்ளயேதான் கெடக்கணும்.” பிறகு என்னைப் பார்த்தார். “யார் மேல கோவம்?”

“சிகரெட்ட விட்டுட்டேன்க்கா.”

“அதான். ஒவ்வொரு கண்ணியிலயும் தெரியுது.”

அவரை எங்கள் காம்பவுண்டில் எல்லோரும் சூப்பிரண்டக்கா என்றே அழைத்தோம். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். பெயரைப் போட்டால், தன்னைப் பற்றி எழுத யார் அனுமதி கொடுத்தது என்று கேட்க அவர் எழுந்து வரக்கூடியவர்.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போனவரின் மகள். மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, தேர்வெழுதி, அரசு அலுவலகத்தில் கிளார்க்காக நுழைந்து, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர். விடுதியில் வார்டனம்மா கற்றுக்கொடுத்த பின்னல் ஊசியை அவர் கீழே வைத்ததே இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த ஒருவர், மாராப்பை இப்படி இழுத்துப் போட்டுக்கொண்டால் தெரியாது என்று யோசனை சொன்னாராம். “தெரியாமத்தான் வந்தீகளா?” என்று கேட்டுக் காபி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம்.

ஏனென்றால் அவருக்குக் கூன். சிறு வயதிலிருந்தே முதுகெலும்பு இடப்பக்கம் திரும்பி, இடது தோளுக்குப் பின்னால் ஒரு மேடு. நான் குடிவந்த புதிதில் அதைப் பற்றிப் பேசவேண்டி வந்தபோது, “உங்க முதுகு கொஞ்சம்…” என்று இழுத்தேன்.

“கூனுன்னு சொல்லுங்க தம்பி. வாயில முள்ளா குத்தும்?”

அவரை ஒரு வரியில் சொல்ல வேண்டுமானால் இதுதான்: உடம்புக்கும் பொருளுக்கும் ஒத்துவராதபோது, மாற வேண்டியது பொருள் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. நமக்கெல்லாம் அந்தச் சந்தேகம் பிறந்ததிலிருந்து உண்டு. செருப்புக் கடித்தால் காலைக் குறை சொல்கிறவர்கள் நாம். நான் இடுப்புக் குறையும் என்ற நம்பிக்கையில் சிறிய அளவு பேன்ட் வாங்குகிற ஆள்.

அலுவலகத்தில் கொடுத்த மேசை அவருக்கு உயரம். குனிந்த முதுகோடு எட்டி எட்டி எழுதினால் சாயங்காலம் தோள் விட்டுப்போகும். உயரம் குறைந்த மேசை கேட்டார். ஒதுக்கீடு இல்லை என்றார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் ஆசாரியைக் கூட்டிவந்து மேசையின் நான்கு கால்களையும் அறுத்துவிட்டார். அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தானும் அரசுச் சொத்துதான் என்றும், இரண்டில் ஒன்றைத்தான் வெட்ட முடியும் என்ற நிலையில் பென்ஷன் இல்லாததை வெட்டியதாகவும் பதில் எழுதிக் கொடுத்தார். அதற்கு என்ன நடவடிக்கை எடுப்பது என்று மேலிடத்துக்கு விளங்கவில்லை. அறுத்த கால்துண்டுகளை அவர் வீட்டில் பார்த்திருக்கிறேன். கதவு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்.

அவர் வீடே அப்படித்தான். அலமாரி, சுவிட்சு, சாமான் ஆணி எல்லாம் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். நடுக்கூடத்தில் தொங்கும் விளக்கில் நான் பலமுறை தலையை முட்டிக்கொண்டிருக்கிறேன். “பாவம், ஆளு நெட்டையாப் பொறந்துட்டீங்க. என்ன பண்றது?” என்று உண்மையான இரக்கத்தோடு சொல்வார்.

இதில் கடைசியாக நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் இறந்து சில வருடம் ஆகிறது. அதற்கு முந்தைய வருடம் ஒரு காலையில், “தம்பி, ஸ்கூட்டர எடுங்க” என்றார். சவப்பெட்டிக் கடைக்குப் போகச் சொன்னார். கடைக்காரர் துக்க முகம் வைத்துக்கொண்டு, “யாருக்கும்மா?” என்று கேட்டார்.

“எனக்கு. அளவெடு. முதுகுப் பக்கம் மறக்காம எடு.”

“பெட்டியில படுக்க வச்சா எல்லாம் சரியாப் போயிரும்மா.”

“சரியாப் போயிரக்கூடாதுன்னுதான் வந்திருக்கேன். அமுக்கி நிமித்தி மூடியப் போட்ருவீக. உசுரோட இருந்தப்ப நிமிராதவ, செத்தப்பெறகு நிமிந்து யாருக்குப் பெரும?”

அடிப்பலகையில் பள்ளம் குடைந்து மெத்தை வைப்பதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். சொன்னபடியே செய்தும் கொடுத்தார். அந்தப் பெட்டியில் சூப்பிரண்டக்கா படுத்திருந்ததைப் போல வசதியாக நான் என் கட்டிலில்கூடப் படுத்ததில்லை.

சரி, ஸ்வெட்டருக்கு வருகிறேன்.

என் சட்டையை அவர் முழுக்க உருவினார். நூலைச் சுற்றி, அலசி, சுருக்கம் போகக் கொடியில் கனம் கட்டித் தொங்கவிட்டுத் திருப்பித் தந்தார். எனக்குச் சொல்லித்தரும்படி கேட்டேன். “அதெல்லாம் கெடையாது. ஆபீஸ்ல வந்த புதுப் பயலுகளுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தே என் ஆயுசு போச்சு” என்றார். நூல் பரணுக்குப் போயிற்று. நான் பகலில் வேர்க்கடலை தின்னத் தொடங்கினேன்.

அடைமழைக் காலத்தில், கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கியது. எங்கள் கோவில் பாடகர் குழுவில் என் மனைவி சொப்ரானோ, அதாவது பெண்களில் மேல்குரல், இரண்டாம் வரிசை. சூப்பிரண்டக்கா ஆல்டோ, அதற்குக் கீழ்க்குரல். முன்வரிசை, இடது ஓரம். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அதுதான் அவர் இடம். அவர் குரல் தேன் அல்ல. ஆனால் சுதி தவறாது. மற்ற ஆல்டோக்கள் வழி தெரியாத இடங்களில் அவரைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறுவார்கள் என்று மனைவி சொல்வாள். நான் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போய்க் கடைசி பெஞ்சில் உட்காரும் வகை.

அந்த வருடம் குழுவுக்குப் புதுச் செயலாளர். முப்பத்தைந்து வயது இருக்கும், தனியார் கம்பெனி வேலை, ஓயாத சிரிப்பு. கெட்ட பெண் இல்லை. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையை நேரலையில் காட்டுவதற்கு ஏற்பாடு செய்திருந்தார். ஒரு பயிற்சி முடிந்ததும் சூப்பிரண்டக்காவின் அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். மனைவி பக்கத்தில் நின்று கேட்டதைத்தான் சொல்கிறேன்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. லைவ் போகுது. ஃபாரின்ல இருக்குற நம்ம சபை ஆளுங்க எல்லாம் பாப்பாங்க. முன்வரிசை ஒரே லெவலா இருந்தா பாக்க நல்லாருக்கும். உங்களுக்குப் பின்வரிசையில சேர் போட்டுத் தாரோம். உக்காந்துக்கிட்டே பாடலாம்.”

“நிக்க முடியலன்னு நான் எப்பச் சொன்னேன்?”

“இல்லக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா…”

“எத? என்னயவா, கேமராவையா?”

செயலாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் அதை நகைச்சுவை என்று நினைத்திருக்க வேண்டும். பின்வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் அடிக்குரலில் பாஸ் பாடும் நெட்டை ஆண்கள். அவர்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சூப்பிரண்டக்காவைக் கேமராவுக்கு மட்டுமல்ல, கர்த்தருக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, அந்த நூல எடுங்க.”

“எதுக்குக்கா?”

“எனக்கு ஒரு ஸ்வெட்டர் போடணும். தோள்ல கோலம் வச்சது.”

“மதுரையிலயா?”

“பின்ன, இமயமலையிலயா பாட்டுப் பாடப் போறேன்?” என்றவர், நான் பரணில் ஏறும்வரை காத்திருந்து சொன்னார். “மறைச்சுக்கங்கன்னு சொல்றாக. எத மறைக்கணும்னு சந்தேகமில்லாம எல்லாருக்கும் காட்டிருவோம். அப்பறம் மறைக்கிறதா வேணாமான்னு அவுகளே முடிவு பண்ணட்டும்.”

பனித்துகள் வேண்டாம் என்றார். “சிலந்தி செத்துக் கெடந்த மாதிரி இருந்துச்சு.” புது மண்டபத்துப் பக்கம் போய்ப் பச்சை நூல் வாங்கி வந்தார். கருநீலத்தில், கழுத்திலிருந்து தோளுக்கு நுனி இறங்கும் வெற்றிலைகள். ஓரத்துக்கு மட்டும் வெள்ளை. வெற்றிலையைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலிருந்து கீழாகப் பின்னினார். “நீங்க அடியிலருந்து ஆரம்பிச்சு கழுத்துல வந்து முடிச்சீங்க. தப்பு தெரியறப்ப சட்டையும் முடிஞ்சுபோச்சு. தோள்லதான் வம்பு இருக்குன்னா தோள்லயே ஆரம்பிக்கணும்.” கை வேர்த்தால் கம்பளி ஊசியில் நகராது என்று பக்கத்தில் பவுடர் டப்பா. ஃபேன் காற்றில் இரண்டு நூலும் சிக்கிக்கொள்ளும் என்று ஃபேனையும் அணைத்துவிடுவார். உடன் உட்கார்ந்திருந்த நான் என் நட்பின் ஆழத்தை வேர்வையால் நிரூபித்துக்கொண்டிருந்தேன். நிறம் மாறும்போதெல்லாம் பின்னால் போகும் நூலுக்கு அடியில் இடது ஆள்காட்டி விரலைக் கொடுத்து, அதன்மேல்தான் நூலை விடுவார். கேட்டதற்கு, “எங்கப்பா கொடிக்கால்ல அகத்தி மரத்தோட கொடியச் சேத்து நார் கட்டுறப்ப வெரல உள்ள வச்சுத்தான் கட்டுவாரு. வெரல உருவுனா அந்த எடத்துலதான் கொடி பருக்கும். இறுக்கிக் கட்டுனா செத்துப்போகும். விட்டுக் கட்டுனா சரிஞ்சுபோகும்” என்றார்.

வெற்றிலைகள் முடிந்ததும் கண்ணிகளை நீளமான நூலில் ஏற்றிக்கொண்டு போட்டுப் பார்த்தார். முன்பக்கம் அழகாக உட்கார்ந்தது. பின்பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டு, போனில் படமெடுக்கச் சொன்னார். அவள் பக்கவாட்டில் போய் நின்றாள். சற்று மேலிருந்து எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் மறைக்கும்படி எடுத்தாள். எல்லாவற்றிலும் கூன் குறைவாகத் தெரிந்தது.

“ஏம்மா, நேரா நின்னு எடு. கல்யாண ஆல்பமா போடப்போற?”

நேராக எடுத்தாள். சூப்பிரண்டக்கா போனை வாங்கி, தன் முதுகை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அறுபது வயதைக் கடந்தவர், அதை அவ்வளவு நேராக அன்றுதான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவர் இரண்டு விரலைச் சேர்த்துத் தோள்மேல் வைத்து அளந்தார்.

“நெனச்சதவிட ரெண்டு வெரக்கட ஒசரம்” என்றார். “இந்த எலையப் பாருங்க. மத்ததெல்லாம் வெத்தல, இது பூவரசு.”

கூனுக்கு மேல் வந்த இலை மட்டும் இழுபட்டு அகன்றிருந்தது. நான் என் படிப்பைப் பயன்படுத்தும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்து, அந்த இடத்தில் மட்டும் இலை இல்லாமல் வெறும் கருநீலமாக விட்டுவிடலாமே, அடர்ந்த நிறம் மேட்டை ஒடுக்கிக் காட்டும், கண்ணின் இயல்பு அப்படி என்று விளக்கினேன்.

“தம்பி, நீங்க சிகரெட்டே குடிங்க” என்றார்.

முழு யோக்கையும் உருவினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்கு உருவுவதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பின்னும்போது இருந்த அதே முகம்தான். மறுபடி தொடங்கி, கழுத்தோரத்தில் முதுகுப் பக்கம் மட்டும் பாதிவரை போய்ப் போய்த் திரும்பினார். அப்படித் திரும்பத் திரும்பப் பின்னினால் அந்த இடத்தில் மட்டும் வரிசை கூடி, சட்டை உயரும். இடது பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இலைகள் வந்ததும் ஒழுங்காகச் சுற்றி வந்தார். இலை முடிந்ததும் கீழே மறுபடி பாதியில் திரும்பினார். கோலத்தின் நடுவில் கைவைத்தால் இலை உடையும், மேலேயும் கீழேயும்தான் இடம் கொடுக்க வேண்டும் என்றார். இந்த முறை கூனின் உச்சியில் ஒரு வெற்றிலை நுனி கோணாமல், நரம்பு இழுபடாமல் உட்கார்ந்தது.

இரண்டாவது படத்தையும் மனைவிதான் எடுத்தாள். எடுத்துக்கொண்டிருக்கும்போது, திரும்பாமலேயே அவர் கேட்டார்:

“தரையில டேப்பு ஒட்டிட்டாங்களாமே. என் எடத்துல ஒன் பேரு எழுதியிருக்காமே.”

மனைவி போனைக் கீழே இறக்கினாள். உண்மைதான். கேமராவுக்காக யார் எங்கே நிற்பது என்று வெள்ளை டேப்பை ஒட்டி எழுதியிருந்தார்கள். இடது ஓரம் இவளுக்கு. பல வருடம் இரண்டாம் வரிசையில் நின்றவளுக்கு அது பதவி உயர்வு. எனக்குக்கூடச் சொல்லவில்லை.

“நான் கேக்கலக்கா. அவுங்களாத்தான்…”

“தெரியும். ஒனக்கு நல்ல கொரலு. நல்லாப் பாடு.” சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “ஆனா நான் அங்கனதான் நிப்பேன்.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. வேண்டாம் என்று சொல்லிவிடு என்றால், சொல்லிவிட்டால் வேறொருத்தியைப் போடுவார்கள், அதற்கு நானே நிற்கலாம் என்றாள். அப்படியென்றால் நில் என்றால், எப்படி நிற்பது என்று அழுதாள். நான் நடுநிலை வகித்தேன். அதாவது, கேள்வி வரும்போதெல்லாம் பால் வாங்கப் போய்விட்டேன்.

கிறிஸ்துமஸ் விடியலில், எங்கள் கோவில் இருக்கும் பசுமலையில் லேசான குளிர் இருந்தது. லேசான என்றால், ஃபேனை ஒரு புள்ளி குறைக்கும் அளவுக்கு. கோவில் நிறைந்து, மெழுகுவர்த்தியும் மூச்சுக்காற்றும் சேர்ந்ததும் அந்தக் குளிரும் போய்விட்டது. பாடகர் குழு வாசலில் வரிசை கட்டி நின்றது. பெண்களுக்கு அரக்குக் கரை போட்ட வெள்ளைப் புடவை. சூப்பிரண்டக்காவும் அதே புடவைதான். அதற்கு மேல், கருநீலத்தில் பச்சை வெற்றிலைகள். மாராப்பு ஸ்வெட்டருக்கு உள்ளே போயிருந்தது.

கடைசி பெஞ்சில் இருந்ததால் எனக்கு வாசலில் நடந்தது கேட்டது.

“அக்கா, யூனிபார்ம்…” என்றார் செயலாளர்.

“உள்ள இருக்கு.”

“ஸ்வெட்டர் எதுக்குக்கா? உள்ள வெந்துபோயிருவீங்க.”

“எனக்குக் குளிருது.”

“சேர் போட்டு வச்சிருக்கோம்க்கா. பின்னாடி.”

“அதுல ஒங்க கேமராவ வைங்க.”

ஆர்கன் தொடங்கிவிட்டது. சபை எழுந்து நின்றது. குழு நடுவழியில் இரண்டிரண்டு பேராக நடக்க, நாங்கள் அவர்களின் முதுகைப் பார்த்தோம். யோசித்துப் பாருங்கள், பவனி என்பதே முதுகைக் காட்டுவதுதான். வெள்ளை வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்த முதுகுகளுக்கு நடுவே அந்த மேடு மெதுவாக அசைந்து போயிற்று. அதன் உச்சியில் ஒரு வெற்றிலை. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “ஏ, எங்க ஊரு வெத்தலப்பா” என்றார், பாட்டுக்கு நடுவிலேயே.

முன்வரிசைக்குப் போய் எங்கள் பக்கம் திரும்பியதும் என் மனைவி தன் டேப்பில் நின்றாள். சூப்பிரண்டக்கா நேராக நடந்து அதே டேப்புக்கு வந்து, ஒரு அடி தள்ளி நின்றார். யாரையும் தள்ளவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு, அந்த இடம் காலியாவதற்கு அல்ல, பாட்டுத் தொடங்குவதற்குக் காத்திருப்பவரைப் போல நின்றார். என் மனைவி முகத்தைப் பாட்டுப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டதில், இங்கிருந்து அவள் காதுகள் மட்டும்தான் தெரிந்தன. அவை சிவந்திருந்தன. செயலாளர் வலது ஓரத்திலிருந்து கண்ணால் ஏதோ சைகை செய்தார். பாஸ்காரர்களுக்குப் பின்னால் காலி நாற்காலி.

என் மனைவி வலப்பக்கம் ஒரு அடி நகர்ந்தாள்.

அவளுக்கு அடுத்தவள் நகர்ந்தாள். அதற்கு அடுத்தவள். டேப்பில் எழுதிய பெயர்களின் மேல் வேறு வேறு கால்கள் நிற்க, முன்வரிசை முழுவதும் ஒரு அடி தள்ளிக்கொண்டு போயிற்று. சூப்பிரண்டக்கா இடது ஓரத்தில், தன் இடத்தில், இரண்டு காலையும் ஊன்றினார்.

பாடினார்கள். சங்கீதம் எனக்குத் தெரியாது. நன்றாக இருந்ததாகத்தான் தோன்றியது. மூன்றாம் பாட்டுக்குள் சூப்பிரண்டக்காவின் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது. அவர் துடைக்கவில்லை. புத்தகத்தைப் பிடித்த கையும் இறங்கவில்லை. பிரசங்கத்தின்போது எல்லோரும் உட்கார்ந்தபோதுகூட ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. கடைசிப் பாட்டுக்கு எழுந்தபோது முகம் ஆவி பறக்கும் இட்டிலிபோல இருந்தது. ஆல்டோ மட்டும் அப்படியே, கொடி கட்டின நார்போல, இறுகாமல் விடாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில், என் சுருக்குப்பையிலிருந்து உருவிய நூல் அங்கே நிற்கிறது என்று நான் அடைந்த பெருமைக்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை. அடைந்தேன்.

பிற்பாடு நேரலையைப் போனில் பார்த்தோம். கேமராவை யாரும் நகர்த்தவில்லை. முன்வரிசை ஒரு அடி தள்ளியதில், வலது ஓரத்தில் நின்ற செயலாளரின் பாதி மட்டும் சட்டத்துக்குள் இருந்தது. ஒரு கண், ஒரு காது, பாதிச் சிரிப்பு. இடது ஓரத்தில் வெற்றிலைகள் முழுசாக இருந்தன.

ஆராதனை முடிந்து முற்றத்தில் கேக்கும் டீயும் கொடுத்தார்கள். சூப்பிரண்டக்கா சுவரோரம் நின்று டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார், அப்போதும் ஸ்வெட்டரோடு. என் மனைவி அவருக்குப் பக்கத்தில் நின்று தன் கேக்கில் பாதியை அவர் தட்டில் வைத்தாள். அப்போது செயலாளர் எங்களை நோக்கி நேராக வருவது தெரிந்தது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன். மன்னிப்போ சண்டையோ, எதுவாக இருந்தாலும் இந்த முறை பால் வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அவர் வந்து சூப்பிரண்டக்காவின் பின்பக்கம் போய் நின்றார். கூனின் மேல் கைவைத்தார். அந்த உச்சி இலையை நுனிவரை தடவிப் பார்த்தார்.

“அக்கா, சூப்பரா இருக்கு” என்றார். “ஆன்லைன்லயா வாங்குனீங்க? அடுத்த வருசம் நம்ம குவயருக்கே மொத்தமா ஆர்டர் போட்ருவோம். ஃப்ரீ சைஸ்தான?”